பயிற்சிக்கு முதல் சம்பளப் பட்டியலைக் காட்டுங்கள்

மலையகத்தில் பணியாற்றும் அரச சார்பற்ற நிறுவனங்களின் பணிப்பாளர்களுக்கும் பணிப்பாளர் சபை உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நிறுவனத் தலைவர்களுக்குப் பன்மைத்துவம், உள்வாங்கல் பற்றி இரண்டு நாள் பயிற்சி நடத்தப் போவதாகவும், அதற்கு வளவாளராக வர முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நிகழ்ச்சி நிரலும் கூடவே வந்தது. நுவரெலியாவில் ஹோட்டல். முதல் நாள் காலை அறிமுக விளையாட்டு. பிறகு நமக்கே தெரியாமல் நமக்குள் இருக்கும் பாரபட்சம் பற்றி ஓர் அமர்வு. பகல் சாப்பாட்டுக்குப் பின், எல்லோரும் வரிசையாக நிற்க, "உங்கள் வீட்டில் புத்தகங்கள் இருந்தனவா? ஓர் அடி முன்னே வாருங்கள்" என்று கேட்டுக் கேட்டு நகர வைக்கும் பயிற்சி. இரண்டாம் நாள் செயற்பாட்டுத் திட்டம், சான்றிதழ், குழுப்படம். ஏறக்குறைய இதே நிரல் வேறு நிறுவனங்களிலிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. தலைப்பையும் கொடையாளரின் சின்னத்தையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. அதனால்தான் பதிலையும் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கள உத்தியோகத்தராக மலை ஏறி இறங்கியவள். இப்போது வளவாளர் என்ற பெயரில் உங்கள் மண்டபங்களில் மைக் பிடிக்கிறவள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த நிரலுக்கு வருவதில் பயனில்லை என்றுதான் சொல்கிறேன்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1964இல் அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதில் இனம், நிறம், மதம், பால், பிறந்த தேசம் பார்க்கக் கூடாது என்றது. மீறினால் வழக்கு. "நாங்கள் எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம்" என்று நீதிமன்றத்தில் காட்டுவதற்குக் கம்பனிகளுக்கு ஏதாவது தேவைப்பட்டது. இத்தகைய பயிற்சிகள் பெருகியதில் அந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பனியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் போய், கடைசியில் கொடையாளரின் விண்ணப்பப் படிவம் வழியாக ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த நாட்டிலேயே இதனால் என்ன பயன் என்று கணக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிராங்க் டொபின், அலெக்சாண்ட்ரா காலெவ் என்ற இரு சமூகவியலாளர்கள் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவுகளை வைத்து 2016இல் எழுதியது பலருக்குக் கசந்தது. முகாமையாளர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய இடங்களில் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், முகாமையாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தால் மனுஷன் முறுக்கிக்கொள்கிறான், அவ்வளவுதான். பலன் தந்தவை வேறு: வெளியே நிற்கிறவர்களைத் தேடிப் போய் வேலைக்கு எடுப்பது, புதிதாக வந்தவருக்கு மூத்தவர் ஒருவர் பொறுப்பாக நின்று வழிகாட்டுவது, இது நடந்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆட்களை நியமிப்பது. 2021இல் எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பாரபட்சத்தைக் குறைக்கும் முயற்சிகள் பற்றிய 418 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சின்னச் சின்ன, குறுகிய நேர முயற்சிகள். விளைவு நீடிக்கிறது என்பதற்குச் சான்று குறைவு. நுவரெலியா ஹோட்டலை இதில் எந்தப் பக்கம் வைப்பது என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் 2025 ஜனவரி. வாஷிங்டனில் ஆட்சி மாறியது. கூட்டாட்சி அரசின் பன்மைத்துவத் திட்டங்களை நிறுத்தச் சொல்லி டொனால்ட் டிரம்ப் கட்டளையிட்டார். அதே மாதம் வெளிநாட்டு உதவியும் முடக்கப்பட்டது. இலங்கையிலும் செயற்றிட்டங்கள் நடுவழியில் நின்றன. அந்தச் சமயத்தில், முன்மொழிவிலிருந்து "உள்வாங்கல்" என்ற பந்தியை எடுத்துவிடலாமா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. எடுத்தால் என்ன குறையும் என்று திருப்பிக் கேட்டேன். ஒரு பக்கம் குறையும் என்றார்கள். உண்மையான பதில்தான்.

வெளியே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் திரையில் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இரு நாட்டுப் பிரதமர்களும் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு விசித்திரம் பாக்கி இருந்தது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம். அந்தச் சபை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடப் பணம் செலவழிக்கச் சட்டத்தில் வழியில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் உங்களில் சிலரும் உண்டு, அதை மறக்கவில்லை.

வாக்கு உண்டு, பங்கு இல்லை என்கிற அந்த நிலையை நாம் வெளியே எதிர்த்தோம். உங்கள் நிறுவனங்களுக்குள் தோட்டத்து ஆட்களின் நிலை அதிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஆண்டறிக்கையில் ஒரு வட்ட வரைபடம் வரும். ஊழியர்களில் பெண்கள் அதிகம், தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம். பொய் இல்லை. அதே வட்டத்தைப் பதவி வாரியாக வெட்டிப் பாருங்கள். தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கள உத்தியோகத்தர், ஊக்குவிப்பாளர், தொண்டர் என்ற வரிசையில் இருப்பார்கள். கணக்காளர் நகரத்துப் பிள்ளை. செயற்றிட்ட முகாமையாளர் ஆங்கிலம் நன்றாக எழுதக்கூடியவர். பணிப்பாளர் சபையில் ஓய்வுபெற்ற அதிகாரி, சட்டத்தரணி, விரிவுரையாளர், மதகுரு, ஸ்தாபகரின் பழைய நண்பர். எல்லோரும் நல்லவர்கள்தான், நான் மதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் இன்றைக்கும் வீடு இருக்கிற ஒருவர் எத்தனை சபைகளில் உட்கார்ந்திருக்கிறார்? கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா எந்தச் சபையிலாவது இருக்கிறாரா?

"தகுதியானவர் கிடைக்கவில்லை" என்ற பதில் வரும் என்று தெரியும். சபைக் கூட்டத்தில் என்ன செய்கிறீர்கள்? வரவு செலவு பார்க்கிறீர்கள், ஆள் எடுப்பதைத் தீர்மானிக்கிறீர்கள், அடுத்த வருடம் எந்தத் தோட்டத்துக்குப் போவது என்று பேசுகிறீர்கள். சீட்டுப் பிடித்து, மாதர் சங்கக் கணக்கு எழுதி, மரண உதவிச் சங்கத்தை நடத்தி, தொழிற்சங்கத் தலைவர்மாரோடு மல்லுக்கட்டிய பெண்ணுக்கு இதில் எது புரியாது? ஆங்கிலத்தில் அச்சடித்த கூட்டக் குறிப்பு புரியாது. அது அவருடைய குறை இல்லையே. நாம் வாய் வலிக்கத் திட்டுகிற அரசியல் கட்சிகள்கூட, சட்டம் கட்டாயப்படுத்தியதால், 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு இறங்கி வந்தன. மலையகத்தில் தோட்டத்துப் பெண்கள் பிரதேச சபைக்குள் போனார்கள். சபையில் சிலரைப் பேசவே விடவில்லை என்பதும் தெரியும். ஆனாலும் நாற்காலி கிடைத்தது. நமக்குச் சட்டம் இல்லை என்பதால் நாம் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"தொண்டர்" விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். உயர்தரம் படித்த பிள்ளை. காலையில் இரண்டு பஸ் மாறி, பிறகு நடந்து, ஒரு தோட்டத்து டிவிஷனுக்குப் போய்க் கூட்டம் போட்டு, வரவுப் பட்டியலில் கையெழுத்து வாங்கி, படம் எடுத்து, ராத்திரி அறிக்கை அனுப்புகிறாள். அவளுக்குக் கிடைப்பது கொடுப்பனவு. அதைச் சம்பளம் என்று சொன்னால் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 சதவீதம் கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் கட்ட வேண்டும். தொண்டர் என்று சொல்லிவிட்டால் இரண்டும் வேண்டாம். வருடக் கணக்கில் தொண்டராகவே இருந்து, கல்யாணம் ஆனதும் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். கம்பனி சேமலாப நிதியை இழுத்தடித்தால் நாம் துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம். அந்தத் துண்டுப்பிரசுரத்தை லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள் சேமலாப நிதி இல்லாத தொண்டர். உங்கள் பயிற்சியில் இதற்கு எந்த அமர்வு?

இனி, எந்த நிரலிலும் வராத விஷயம். சாதி.

இனம், மதம், பால்நிலை, மாற்றுத்திறன், வயது எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கியிருப்பீர்கள். சாதிக்கு இராது. "அது யாழ்ப்பாணத்துப் பிரச்சினை. நம்ம பக்கம் லயத்துல எல்லாரும் ஒண்ணாத்தானே இருக்கிறாங்க" என்று ஒரு பணிப்பாளர் மைக்கிலேயே சொன்னார். பின் வரிசையில் இருந்த அவருடைய கள உத்தியோகத்தர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்ததே, ஆள் திரட்டி மேய்த்த கங்காணிமார்தான். தங்கள் ஊரிலிருந்தும் சுற்றுவட்டத்திலிருந்தும் சாதி, உறவு பார்த்துத் திரட்டி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள். கங்காணிமாரில் பலர் மேல்சாதி. லயம் கொடுத்ததும் அந்தப் பிரிவின்படிதான். பழைய ஒழுங்கு இன்று நிறையக் கலைந்துவிட்டது, மறுக்கவில்லை. பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கிறார்கள். ஆனால் மேட்டு லயம், பணிய லயம் என்று சொல்லும்போது தோட்டத்தில் எல்லோருக்கும் என்ன புரியும் என்பது உங்களுக்கும் தெரியும். புதிதாக ஒருவரைச் சந்தித்தால் "இந்தியாவில எந்த ஊர்?" என்று கேட்பது பூகோளம் படிக்க இல்லை. கோயில் திருவிழாவில் எந்த உபயம் யாருக்கு, சாவு வீட்டில் தப்பு மேளம் அடிப்பது யார், கல்யாணம் எந்த எல்லையில் நிற்கும், எல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

நிறுவனத்துக்குள் இது எப்படி நுழைகிறது? ஆள் எடுக்கும்போது "எல்லா வீட்டுக்கும் போகக்கூடிய பிள்ளையாப் பாருங்க" என்பார்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். யாரை எந்த வீட்டில் வாசலுக்கு உள்ளே கூப்பிட மாட்டார்களோ அவரை எடுக்காதீர்கள் என்பதுதான் அதன் உள்ளடக்கம். வீட்டுக்காரரின் பாகுபாட்டுக்கு வேலை கேட்டு வந்த பிள்ளை விலை கொடுக்கிறாள். அதேபோல் தோட்ட மட்டத்தில் குழு அமைக்கும்போது, "மக்களே தெரிவு செய்யட்டும்" என்று விட்டுவிடுகிறோம். மக்கள் தெரிவு செய்கிறார்கள்: தலைவரின் மனைவி, கோயில் கமிட்டி ஆளின் மகள், கடைக்காரரின் தங்கச்சி. கடைசி லயத்திலிருந்து ஒருவரும் இல்லை. ஜனநாயகமாக நடந்தது என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

இன்னொன்று. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் தப்புக் குழுவை மேடைக்கு ஏற்றுகிறோம். நம் கலை, நம் அடையாளம் என்று கைதட்டுகிறோம். அந்தக் குழுவில் ஒருவராவது உங்கள் நிறுவனத்தில் எப்போதாவது வேலை பார்த்திருக்கிறாரா?

தோட்டத்துக்கு வெளியேயும் பாருங்கள். கண்டி மஹியாவையில் நகரத்தைத் துப்புரவாக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்களும் நம் ஆட்கள்தான். செயற்றிட்டத்தின் தலைப்பில் "பெருந்தோட்ட" என்று எழுதியதும் அவர்கள் கீழே விழுந்துவிடுகிறார்கள். நகரத் திட்டங்களோ அவர்களைத் துப்புரவுப் பகுதியாகப் பார்க்கின்றன, குடிமக்களாகப் பார்ப்பதில்லை.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, பால் இவற்றோடு சாதியையும் பெயர் சொல்லியே பாகுபாடு கூடாது என்கிறது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957லேயே வந்துவிட்டது. நாம் மட்டும் வாய் திறக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

இதனால்தான் அந்த "ஓர் அடி முன்னே வாருங்கள்" பயிற்சியை நான் நடத்த மாட்டேன். பணிப்பாளரும் தொண்டரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பத்துக் கேள்விக்குப் பிறகு ஒருவர் முன் சுவரில், ஒருவர் பின் சுவரில். முன்னால் நிற்பவருக்குக் கண் கலங்கும், பெரிய பாடம் படித்தேன் என்பார். பின்னால் நிற்கிற பிள்ளைக்குப் புதிதாக என்ன கிடைத்தது? அவளுக்குத் தெரிந்ததையே எல்லோரும் பார்க்க நடத்திக் காட்டினோம், அவ்வளவுதான். சாதியைப் பற்றிப் பேசுவதென்றால் யாரும் தன் சாதியைச் சொல்லத் தேவையில்லை. குழுப் பட்டியலை எடுத்து, எந்த லயத்திலிருந்து எத்தனை பேர் என்று எண்ணினால் போதும்.

மொழி. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை நாம் மறக்கவில்லை; 1987இல் தமிழும் அரச கரும மொழியானதைப் பயிற்சிகளில் சொல்லிக் கொடுக்கிறோம். பொலிஸில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போராடுகிறோம், சரிதான். அந்தப் போராட்டம் பற்றிய அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல், கள உத்தியோகத்தர் தம்பியின் கூட்டாளியிடம் கொடுத்து எழுதி வாங்குகிறார். கொடையாளருக்கு ஆங்கிலம் வேண்டும் என்றால் அலுவலகத்தில் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். மலை ஏறுகிறவர் ஏன் சுமக்க வேண்டும்?

சிங்களம் பேசும் சக ஊழியர்கள், பக்கத்துக் கிராமத்தார், முஸ்லிம்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்கு வெளிநாட்டு மாதிரி தேடத் தேவையில்லை. 1972இல் கண்டியில் போல் கஸ்பர்ஸ் அடிகளார் தொடங்கிய சத்தியோதய நிலையத்தில் சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். 1977, 1983 இனக் கலவரங்கள் வந்தபோதும் அந்த வேலை நிற்கவில்லை. யாரும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, பக்கத்திலேயே அலுவலகம் வைத்திருந்த நம்மில் எத்தனை பேர் நம் மக்கள் தோட்டத்து மக்கள் மட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டோம் என்பதையும் அந்த மண்டபத்தில் பேசலாம்.

2025 நவம்பர் டித்வா புயல் இதையெல்லாம் ஒரே வாரத்தில் காட்டிவிட்டது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலை சரிந்தது. நிறுவனங்கள் ஓடி வந்தன. அரிசியும் பாயும் துணியும் கொண்டுவந்தீர்கள், நன்றி. பட்டியல் போட்ட விதத்தைச் சொல்கிறேன். "குடும்பத் தலைவர்" பெயர் கேட்டார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தாய் தகப்பன் ஒரு குடும்பம், மூத்த மகன் ஒரு குடும்பம், புருஷன் விட்டுப்போன மகள் ஒரு குடும்பம். பட்டியலில் ஒன்றுதான். கைக்குழந்தை வைத்திருந்த மகள் தன் பங்குக்கு அண்ணியிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டார்கள். கணக்கு புருஷன் பெயரில். தோட்டத்து விலாசம் ஒரு தோட்டத்துக்கே ஒன்று. படிக்கட்டில் இறங்க முடியாத கிழவர் வரிசைக்கு வரவில்லை, அவர் பெயர் விழவில்லை. பட்டியல் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த படிவத்தில் அந்த மகளுக்கும் அந்தக் கிழவருக்கும் இடம் இல்லை. படிவத்தைத் தயாரித்தது கொழும்பில், அங்கீகரித்தது நீங்கள்.

நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை நாளில் காலை பத்து மணிக்குப் பெண்கள் கூட்டம் வைத்தால் வருகிறவருக்கு அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், விழாது. போக்குவரத்துப் படி கொடுத்துவிட்டோம் என்பீர்கள். படி வேறு, பேர் வேறு. மாதத்தில் ஒரு பேர் குறைந்தால் வரவுக்காகக் கிடைக்கும் மேலதிகக் காசும் சில இடங்களில் அடிபடும். பின்னேரம் வைத்தால் கொழுந்து நிறுத்து, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கி, தண்ணி பிடித்து வருவதற்குள் இருட்டிவிடும். யாருக்கு வசதியான நேரத்தில் கூட்டம் நடக்கிறது என்று பார்த்தால் நிறுவனம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. 1996இல் சட்டம் வந்தது, 2016இல் ஐ.நா. உடன்படிக்கையை நாடு ஏற்றது. உங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியில், லிப்ட் இல்லை. பால்நிலை அடையாளத்தை மாற்றிப் பதிவதற்கான சான்றிதழ் முறையும் 2016இலேயே சுகாதார அமைச்சு வழியாக வந்துவிட்டது. "இந்தப் பக்கம் அப்படி ஆட்களே இல்லை" என்கிறார்கள். இருக்கிறார்கள். கொழும்புக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியாமல் இல்லை. வருடத்துக்கு வருடம் பணம் கிடைக்குமா என்ற பயம். தோட்டத்துக்குள் கால் வைக்கத் தோட்ட முகாமையாளரான துரையின் அனுமதி. அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்துக்கு அறிக்கை, மாவட்டச் செயலகத்துக்கு அறிக்கை, கொடையாளருக்கு அறிக்கை. நிர்வாகச் செலவைக் குறை என்று மேலிருந்து ஒரு கை அமுக்கும். சேமலாப நிதி கட்டுங்கள் என்று நான் கீழிருந்து எழுதுகிறேன். தொண்டரை நிரந்தரமாக்கினால் அடுத்த வருடம் எங்கே போவது என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அதைத் தனியாகச் சுமக்காமல் கொடையாளரிடம் கூட்டாக வையுங்கள் என்பதுதான் என் பதில். பயிற்சிக்குப் பணம் தருகிறவர் கள உத்தியோகத்தரின் சேமலாப நிதிக்கு ஏன் தர மாட்டார் என்று எல்லோரும் ஒரே நாளில் கேளுங்கள். இதுவரை கேட்டு மறுக்கப்பட்ட கடிதம் யாரிடமாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், அதிலிருந்தே தொடங்கலாம்.

என்னைக் கூப்பிடுவதானால் இப்படிச் செய்வோம். பயிற்சிக்கு முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆளணிப் பட்டியலைத் தரட்டும்: பதவி, சம்பளமா கொடுப்பனவா, ஒப்பந்தம் எத்தனை மாதம், சேமலாப நிதி உண்டா, லயத்து வீடா நகரத்து வீடா. பெயர்கள் வேண்டாம். சபை உறுப்பினர் பட்டியலும், கடைசி மூன்று சபைக் கூட்டக் குறிப்புகளும், நிவாரணப் படிவமும் அதோடு வரட்டும். முதல் நாள் முழுவதும் அவற்றைத்தான் விரித்து வைத்துப் படிப்போம். பணிப்பாளர்கள் நேரில் வர வேண்டும். விளக்கேற்றிவிட்டு உதவி முகாமையாளரை உட்கார வைத்துப் போவதானால் அன்றைக்கே நான் பஸ் ஏறிவிடுவேன்.

இரண்டாம் நாளுக்கு முந்திய வாரத்தில் கள உத்தியோகத்தர்களையும் தொண்டர்களையும் நீங்கள் இல்லாமல் நான் தனியாகச் சந்திப்பேன். அவர்கள் சொன்னதைப் பெயர் இல்லாமல் கொண்டுவந்து உங்கள் முன் வைப்பேன். யார் சொன்னது என்று பிறகு விசாரிக்க மாட்டோம் என்று எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அப்படி விசாரித்து ஒரு பிள்ளையின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனது எனக்குத் தெரியும்.

ஹோட்டல் வேண்டாம். தோட்டத்துக் கலாசார மண்டபமோ, நகரத்தில் தரைத்தளத்தில் ஒரு மண்டபமோ போதும். மிச்சமாகும் பணத்தில், பேச வரும் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு நாள் பேரின் முழுக் காசையும் கொடுங்கள், குழந்தைகளைப் பார்க்க ஒருவரை வையுங்கள், சிங்களம் – தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவருக்குச் சரியான கூலி கொடுங்கள். செயற்பாட்டுத் திட்டம் என்று சுவரில் காகிதம் ஒட்டுவதற்குப் பதிலாக ஒவ்வொரு சபையும் மூன்று தீர்மானங்களோடு வரட்டும்: லயத்தில் வசிக்கும் ஒருவருக்கு வாக்குரிமையுள்ள சபை இடம், தொண்டர் பதவிகள் எந்தத் திகதிக்குள் முடியும், கூட்டக் குறிப்பு எந்த மாதத்திலிருந்து தமிழிலும் சிங்களத்திலும் வரும். ஆறு மாதம் கழித்து அதே மண்டபத்தில் நடந்ததா இல்லையா என்று பார்ப்போம். ஆறு மாதம் கழித்து வரும் அந்த நாளுக்கு எனக்குக் கட்டணம் வேண்டாம், பஸ் காசு போதும்.

வருட முடிவுக்குள் பணத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டிய அவசரம் புரிகிறது. அதற்காக இந்த மாதமே வைக்கலாம் என்றால் என்னால் முடியாது. பட்டியல்கள் வந்து படிக்கவே நேரம் வேண்டும். வந்த பிறகு திகதி பேசுவோம். ஞாயிற்றுக்கிழமைகள்தான் வசதி. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து கூடி ஞாயிறும் வேலை போடுவார்கள், அந்த இரண்டு மாதத்தையும் விட்டுவிடுங்கள். பதிலைத் தமிழிலோ சிங்களத்திலோ அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு வளவாளர்